எதிராளி கிடைக்காத அத்தை

முத்தையாபுரத்திலிருந்து குத்துச்சண்டைக்குப் போன முதல் பெண் எங்கள் அத்தை. மாவட்டப் போட்டியில் இரண்டு வருடம் தொடர்ந்து தங்கம் வாங்கினாள். இரண்டு வருடமும் ஒருத்தியைக்கூடக் குத்தவில்லை. நாற்பத்தெட்டு கிலோ வரையிலான பிரிவில் அவளைத் தவிர வேறு பெண்ணே கிடையாது. எடை மிஷினில் ஏறி இறங்கினால் தங்கம். எதிராளிகள் பயந்து ஊரைவிட்டே ஓடிவிட்டதாகப் பள்ளிக்கூடத்தில் நான் சொல்லி வைத்திருந்தேன். குடும்பத்தில் சண்டை போட்டு ஜெயித்ததெல்லாம் என் வாய்தான்.

மூன்றாம் வருடம் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. கையுறையை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒரே ஒரு தடவ நெசமா சண்ட போட்டுட்டு விட்டுருதேன், அண்ணே," என்று அப்பாவிடம் கேட்டாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா, சரி என்று தலையாட்டினார்.

அடுத்த எடைப் பிரிவில் விளாத்திகுளத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளும் வருடாவருடம் தனியாக ஜெயிப்பவள். அவளோடு மோத, நாற்பத்தெட்டைத் தாண்டுவதென்று அத்தை முடிவெடுத்தாள். வீட்டில் பழமும் பரோட்டாவுமாக நடந்தது. துணைக்கு நானும் சாப்பிட்டேன். அத்தை ஒரு பிரிவு ஏறினால் நான் மூன்று ஏறியிருப்பேன்.

போட்டியன்று எடை தாண்டியது. அத்தை முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தாள். எதிரே விளாத்திகுளத்துப் பெண், ஆளே பாதியாகி, உதடு வெடித்துப்போய் நின்றாள்.

"எக்கா, நீங்க நாப்பத்தெட்டுலல்லா நிப்பீய?"

"ஒனக்காவத்தாம்ளா ஏறுனேன்."

"நான் ஒங்களுக்காவல்லா பட்டினி கெடந்து எறங்குனேன்."

இருவரும் மேசைக்கு ஓடினார்கள். "எழுதியாச்சும்மா, மாத்த முடியாது," என்றார் எடை பார்த்தவர். "ஆளுக்கொரு தங்கம். சந்தோசமாப் போங்க."

திரும்பும் பஸ்ஸில் மெடலை என் கழுத்தில் மாட்டிவிட்டு அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் வரைக்கும் எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தேன்.

"அத்த, ஒரு அடிகூட வாங்காம ஜெயிச்சிட்டிய. நல்லதுதான?"

அத்தை கையை மடக்கி, முஷ்டியை என் கன்னத்தில் மெல்ல வைத்தாள். நான் சிரித்தேன். உப்பளங்கள் தாண்டும் வரை அவள் அதை எடுக்கவேயில்லை. விளையாடுகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.