குறையாத பீப்பாய்

ஈஷ்பல் மதீசனின் மூக்கை அந்தப் பள்ளத்தாக்கே நம்பியது. குவளையை ஒருமுறை முகர்ந்தால் போதும், எந்தக் கிடங்கு, எத்தனை வருஷத்து விஸ்கி என்று சொல்லிவிடுவாள். சதர்லாந்து மலைகளுக்குள், ஒரு காலத்தில் வரிக்குப் பயந்து ஒளித்துக் காய்ச்சியவர்களின் பேரன்கள் உரிமம் வாங்கி நடத்திய ஆலை அது. போருக்கு ஆண்கள் போனபோது பீப்பாய் நிரப்ப வந்தவள், போர் முடிந்தும் நின்றுவிடவில்லை. காத்திருக்க வீட்டில் யாரும் இல்லை.

அவள் கணவன் டார்க்வில் அங்கே பீப்பாய் செய்தவன். முப்பத்தொன்பது நவம்பரில் கடற்படைக்குக் கிளம்புமுன், பழைய ஷெர்ரி ஒயின் பீப்பாய் ஒன்றைப் பிரித்து, பலகைகளை இழைத்து மறுபடி சேர்த்தான். அன்று காய்ச்சி இறக்கியதை அதில் நிரப்பி, அடைப்பைத் தட்டி இறுக்கினான். இரண்டு தட்டு பலமாக, ஒன்று மெதுவாக. அது அவன் கைப்பழக்கம்.

"நான் வர்ற வரைக்கும் இதுல எவனும் வாய் வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

பதினெட்டு மாதம் கழித்து அவன் கப்பல் ஐஸ்லாந்துக்குத் தெற்கே மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை.

பீப்பாய் விஸ்கி மரத்தின் வழியே வருஷத்துக்கு நூற்றில் இரண்டு பங்கு காற்றோடு போய்விடும். தேவதைகளின் பங்கு என்பார்கள். டார்க்விலின் பீப்பாயில் மட்டும் அது போகவேயில்லை. ஐம்பத்தேழு மார்ச்சில் கலால் அதிகாரி லாரிமர் அளவுகோலைத் துடைத்துத் துடைத்து மூன்று முறை இறக்கிப் பார்த்தார்.

"பதினேழு வருஷம், ஒரு சொட்டு குறையல. யாருய்யா தண்ணி ஊத்துறது?"

"ரெண்டு பூட்டுல ஒரு சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்றார் மேலாளர் ஃபார்க்கர். "நீங்களே வந்து ஊத்தினாத்தான் உண்டு."

செறிவைச் சோதித்தார்கள். தண்ணீர் கலக்கவில்லை.

"சரி, ருசிச்சுப் பாத்துடலாம். ஈஷ்பல், வாம்மா" என்றார் ஃபார்க்கர்.

நடுப்பகல்தான். ஆனால் வாசல்வரை பனிமூட்டம் வந்து நின்றிருந்தது. ஃபார்க்கர் ஒரு மடக்கு குடித்து, "ஆரஞ்சுத் தோல், உலர்திராட்சை. பிரமாதம்!" என்றார். ஈஷ்பல் முகர்ந்தாள். முதலில் ஷெர்ரியின் இனிப்பு. அதன் பின்னால் பார்லியைக் காய வைத்த சதுப்புக் கரியின் புகை. வாசனை விரியட்டும் என்று இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள். விரிந்தது. நனைந்த கம்பளிச் சட்டை. இயந்திர எண்ணெய். உப்பு.

"கடல் நாத்தம் அடிக்குது ஐயா."

"கடலா? இருபத்தஞ்சு மைல் தள்ளில்ல இருக்கு!"

ஒரு வாய் குடித்தாள். நாக்கு விறைத்தது. அப்போது பீப்பாய்க்குள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. இரண்டு பலமாக, ஒன்று மெதுவாக.

"எலியா இருக்கும்" என்றார் ஃபார்க்கர்.

"எலி உள்ள எப்படி ஐயா இருக்கும்?" என்றாள் ஈஷ்பல். அதற்குள் லாரிமர் வாசலுக்கே போய்விட்டிருந்தார். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வெளிய இருங்க."

கதவைத் திறந்துவைத்தபடி அவர்கள் நின்றார்கள். ஈஷ்பல் மண்தரையில் உட்கார்ந்து பீப்பாயின் மரத்தில் நெற்றியை வைத்தாள். மரம் ஈரமாக, ஐஸ் மாதிரி இருந்தது.

"வர்ற வரைக்கும்னு சொன்னே. நீ வந்துட்டது எனக்குத் தெரியாமப் போச்சே. எத்தனை வருஷமாடா இந்தக் குளிர்ல நிக்கிறே?" பலகையைத் தடவிக்கொடுத்தாள். "நான் இனிமே காத்திருக்க மாட்டேன். உன் பங்கைக் குடிச்சிட்டுக் கெளம்பு ராசா."

தட்டல் நின்றது.

மறுநாள் லாரிமர் அளந்தபோது மூன்றில் ஒரு பங்கு இல்லை. தரை உலர்ந்திருந்தது, பூட்டின் முத்திரை அப்படியே இருந்தது. அந்த மாதமே அவர் மாற்றல் கேட்டுப் போய்விட்டார். மிச்சத்தை ஃபார்க்கர் பாட்டிலில் அடைத்து லண்டனுக்கு விற்றார். குடித்தவர்கள் யாரும் உப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

போதகர் பலமுறை கேட்டும் மறுத்துவந்த ஈஷ்பல், அந்தக் கோடையில் கல்லறைத் தோட்டத்தில் டார்க்வில் பெயருக்கு ஒரு கல் நட்டாள். அறுபத்திரண்டு வயதுவரை வேலை பார்த்தாள். அந்தக் கிடங்குக்குள் மட்டும் துணையில்லாமல் போனதில்லை. பயமா என்று கேட்டால் சிரிப்பாள்.

"பயமெல்லாம் இல்ல. வாய் தவறி அவனைத் திரும்பக் கூப்பிட்டுடுவேனோன்னுதான்."