கதவு திறந்ததும் ஈரம்

எங்கள் ஷெட்டில் மூன்றாம் நம்பர் மிஷின் ஓட்டுகிறவரைத் தெருவில் எல்லாரும் ஸ்பீக்கர் என்பார்கள். நான் ஸ்பீக்கர் அண்ணன் என்பேன். வயசுக்கு ஒரு மரியாதை வேண்டுமே.

ஷெட் என்றால் ஆணி செய்கிற ஷெட். சுருள் சுருளாக வருகிற கம்பியை மிஷின் இழுத்துப் பிடிக்கும், ஒரு பக்கம் அடித்துத் தலை வைக்கும், மறுபக்கம் வெட்டிக் கூராக்கித் தட்டில் தள்ளும். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏழெட்டு ஆணி விழுந்திருக்கும். அப்படிப் பதினோரு மிஷின், ஒரே தகரக் கூரைக்குக் கீழே. பக்கத்தில் நிற்கிறவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானால் அவன் காதுக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும். அண்ணன் முப்பத்தோரு வருஷம் கத்தியிருக்கிறார். சாயந்திரம் ஐந்து மணிக்கு மிஷினெல்லாம் நின்றுவிடும். அவர் தொண்டை மட்டும் நிற்காது. கடையில் போய் ஒரு தீப்பெட்டி கேட்பார், கடைக்காரர் சண்டைக்கு ஆள் வந்துவிட்டது என்று எழுந்து நிற்பார்.

நானும் அதே ஷெட்டில்தான் இருக்கிறேன், அச்சு மாற்றுகிற வேலை. என் காதும் பாதி போய்விட்டது, பாதிப் பேச்சை உதட்டைப் பார்த்துத்தான் பிடிப்பேன். அதனால் எங்களுக்குள் இது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

அண்ணி மகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் போனாள். மூன்று மாசத்தில் வருகிறேன் என்று போனவள். இப்போது அந்தப் பேத்தி பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. அண்ணி வரவில்லை. சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. "இங்க தலைவலி இல்லாம இருக்கு, கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான்.

அவர் இருப்பது ஒரு மாடி வீடு. இரண்டு அறை. கதவைத் திறந்தால் நேராகப் படிக்கட்டு. படிக்கட்டின் அடியில் வீட்டுக்காரம்மாவின் தையல் கடை. மாடியில் ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், அண்ணி விட்டுப்போன ஒரு பீரோ. நான் போனால் நான் ஸ்டூலில் உட்காருவேன், அவர் கட்டிலில் உட்காருவார். நான் போகாத நாளில் ஸ்டூலில் அவர் சட்டை உட்கார்ந்திருக்கும்.

அப்படி இருந்த மனுஷனுக்குத்தான் நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. கம்பி ஏற்றி வந்த லாரியில், சுருளுக்கு நடுவே இருக்கிற ஓட்டைக்குள் அது சுருண்டு கிடந்தது. எந்த ஊரில் ஏறியதோ. காதும் மூக்கும் கறுப்பு, மற்றதெல்லாம் மண் நிறம். டிரைவர் காலைப் பிடித்துத் தூக்கி, "யாருக்குய்யா வேணும் இது?" என்றார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். வாங்கின கையோடு குட்டி சட்டையை நனைத்துவிட்டது. ஷெட்டே சிரித்தது.

முதல் மாசம் அவர் வீடு வீடாக இல்லை. கட்டிலுக்கு அடியில், பீரோ பக்கத்தில், செருப்புக்குள், எங்கே பார்த்தாலும் ஈரம். அண்ணன் ஒரு யோசனை செய்தார். எங்கள் ஷெட்டில் ஆணியைப் பளபளப்பாக்க ஒரு டிரம்மில் மரத்தூளோடு போட்டு உருட்டுவோம். அந்தப் பழைய மரத்தூளை ஒரு சாக்கு நிறைய வாங்கிப்போய் மூலையில் கொட்டி, "டேய், இதுதான் உனக்கு இடம்" என்று காட்டினார். அதில் எண்ணெய் நாத்தமும் இரும்புப் பொடியும்தான் பாதி. குட்டி முகர்ந்து பார்த்து நாலு தும்மல் தும்மிவிட்டு, சுத்தமான தரையில் வந்து வேலையை முடித்தது.

டீக்கடையில் ஒருவன், மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்க்கணும், அப்போதான் புத்தி வரும் என்று சொல்லிக்கொடுத்தான். அண்ணன் ஒரே ஒரு தடவை செய்து பார்த்தார். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டைத் திறக்காமலேயே வைத்திருந்தார். என்னண்ணே என்றேன்.

"அது என்னையே பார்த்துச்சுடா. நான் என்ன பண்ணேன்னு கேக்கற மாதிரி."

அதற்கப்புறம் ஒழுங்காகப் பழக்கினார். எழுந்தவுடன் ஒரு தடவை, சாப்பிட்டவுடன் ஒரு தடவை, மத்தியானம் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ஒரு தடவை, பின்னால் இருக்கிற காலி மனைக்குக் கூட்டிப்போவார். குட்டியும் பிடித்துக்கொண்டது. இரண்டே மாசத்தில் கட்டிலடி காய்ந்துவிட்டது, பீரோ பக்கம் காய்ந்துவிட்டது. மத்தியானத்திலிருந்து சாயந்திரம் வரைக்கும் தனியாக அடக்கிக்கொண்டு இருக்கும்.

ஒரே ஒரு இடம் மட்டும் காயவில்லை. கதவடி.

அவர் கதவைத் திறக்க வேண்டியதுதான். அது ஓடி வரும், வாலைக் காலுக்கு நடுவில் செருகும், மல்லாந்து படுத்து அங்கேயே ஒரு குட்டை கட்டிவிடும். மத்தியானம் ஒன்று, சாயந்திரம் ஒன்று. இதில் அந்த வீட்டுத் தரை வாசலைப் பார்த்துச் சரிவு. குட்டை கதவிடுக்கு வழியே வெளியே போகும், முதல் படி, இரண்டாம் படி என்று இறங்கி, துணி தைக்க வந்தவர்கள் செருப்புக் கழற்றி வைக்கிற இடத்துக்குப் போய்ச் சேரும்.

"நாள் முழுக்க அடக்குது, என்னைப் பார்த்ததும் விடுது. இது வேணும்னு பண்றதுடா. தனியா விட்டுட்டுப் போறேன்ல, அந்தக் கோபம்" என்றார் அண்ணன்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் வேறு எப்படித் தோன்றும்?

வீட்டுக்காரம்மா லேசுப்பட்டவள் இல்லை. கணுக்கால் வரை நைட்டி, கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி, அந்தக் குண்டூசியோடே திட்டுவாள். ஒருநாள் ஒரு பெண் தன் புதுச் செருப்பைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டாள், துணியையும் திருப்பி எடுத்துக்கொண்டு. வீட்டுக்காரம்மா படிக்கட்டில் நின்று சொன்னாள்:

"இங்க பாருய்யா, பதினாலு வருஷமா இருக்க, உன் சத்தத்தையே பொறுத்துக்கிட்டேன். இதைப் பொறுக்க முடியாது. மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மேல வந்து பார்ப்பேன். கதவடி ஈரமா இருந்துச்சு, நாய் போகணும். இல்லைன்னா நீ போகணும்."

"நாயா நானான்னு கேக்கறீங்களாம்மா?" என்றார் அண்ணன், அவருடைய சாதாரணக் குரலில்.

"கத்தாதய்யா!" என்றாள்.

மாசக் கடைசிக்கு இருபது நாள் இருந்தது. அண்ணன் என்னிடம் வந்து, அப்படி ஒன்று ஆகிவிட்டால் குட்டியை நீ கூட்டிக்கொண்டு போ, வேறு யாரிடமும் கொடுக்க மனசு வராது என்றார். என் வீட்டில் ஏற்கனவே ஆளுக்கு ஒரு மூலை. சரிண்ணே என்றேன். அந்த மூஞ்சியைப் பார்த்து வேறு என்ன சொல்வது?

நடுவில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை கட்டிக்கொண்டு காற்றுத்தான் வந்தது, பேச்சு வரவில்லை. லீவு போட மாட்டார், அப்படியே வேலைக்கு வந்தார். சாயந்திரம் வீட்டுக்குப் போனவர் கதவைத் திறந்திருக்கிறார், நிற்கத் தெம்பில்லாமல் சுவரோரமாய் அப்படியே சரிந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கையில் ஏதோ ஈரமாய்ப் பட்டது. சரி, வந்துவிட்டது என்று கண்ணைத் திறந்து பார்த்தால், குட்டி அவர் விரலை நக்கிக்கொண்டிருக்கிறது. தரை காய்ந்து கிடக்கிறது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே.

நாலாம் நாள் தொண்டை திறந்தது. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். கதவைத் திறந்தவுடன் குனிந்து, இரண்டு கையையும் நீட்டி, "அடேய் என் தங்கமே!" என்றார். குட்டி மல்லாந்தது. குட்டை கட்டியது.

மறுநாள் டீ குடிக்கிற நேரத்தில் ஷெட்டுக்கு வெளியே மதிலோரமாய் நின்று இதை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அது கோபத்துல விடலடா. பயத்துல விடுது. நான் கொஞ்சறேன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன், அது அடிக்க வரேன்னு நினைக்குது."

"விடுங்கண்ணே. காரணம் தெரிஞ்சுபோச்சில்ல, இனிமே சரியாயிடும்."

"பேத்தியும் நான் தூக்கினப்போ வீல்னு அழுதுச்சு. தூக்கக் கலக்கம்னா உங்க அண்ணி." டீயை ஒரே மூச்சில் குடித்தார், அது ஆறிப்போயிருந்தது. "அடுத்த தடவை போனப்பவும் தூக்கக் கலக்கம்னுதான் சொன்னா."

மணி அடித்தது, உள்ளே போய்விட்டோம்.

அன்றிலிருந்து அண்ணன் மெதுவாய்ப் பேசப் பழகினார். ஐம்பத்தாறு வயசில் நடை பழகுவது மாதிரிதான் அது. தன் குரல் எவ்வளவு போகிறது என்று அவருக்கே தெரியாது, காது அப்படி. அதனால் ஒரு உபாயம் கண்டுபிடித்தார். உள்ளங்கையைத் தொண்டையில் வைத்துக்கொள்வார். அதிர்ந்தால் சத்தம் அதிகம். அதிராமல் வந்தால் சரி. கடையில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தீப்பெட்டி கேட்டிருக்கிறார், கடைக்காரர் மருந்துக்கடை எதிர்ப்பக்கம் என்று கை காட்டியிருக்கிறார்.

வீட்டில் இன்னும் கஷ்டம். கதவைத் திறந்ததும் குட்டியைப் பார்க்கக் கூடாது. குனியக் கூடாது. பேசக் கூடாது. யாரோ வழிப்போக்கன் மாதிரி உள்ளே போய், முதுகைக் காட்டிச் சுவரோரம் உட்கார வேண்டும். நாள் முழுக்க எப்போது அதைப் பார்க்கலாம் என்று காத்திருந்துவிட்டு வருகிறவர், வந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குட்டி தானாக வந்து மடியில் ஏறினால்தான் உண்டு. சில நாள் அது சீக்கிரம் வரும். சில நாள் பீரோ பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி போன் செய்தாள். அண்ணன் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு பேசினார்.

"என்னங்க, கேக்கவே இல்ல. உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"என்ன? சத்தமே வரல. கீழ விழுந்துட்டீங்களா? பக்கத்துல யாராவது இருந்தா குடுங்க."

"மெதுவாப் பேசறேன், அவ்வளவுதான்."

"அய்யோ, பயமா இருக்குங்க. எப்பவும் போலப் பேசுங்க."

எப்பவும் போலப் பேசினால் மடியில் இருக்கிறது நனைத்துவிடும். அதனால் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று இரண்டு தடவை சொல்லி வைத்துவிட்டார். இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பேத்தியிடம் கொடு, நான் இப்போது மெதுவாகப் பேசுவேன் என்று கேட்க வேண்டும் என்றுதான் போனை எடுத்தாராம். அண்ணி பயந்துபோனதில் கேட்க முடியாமல் போய்விட்டது.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை ஒன்பது மணிக்கு ஒரு அட்டைப்பெட்டியும் கயிறும் எடுத்துக்கொண்டு நான் போனேன். அண்ணன் பெட்டியைப் பார்த்தார், வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்லிக் கை காட்டினார். கதவடி காய்ந்திருந்தது. மூன்று நாளாய்க் காய்ந்திருக்கிறது என்று விரலைக் காட்டினார்.

படியில் செருப்புச் சத்தம். வீட்டுக்காரம்மா மூச்சு வாங்க ஏறி வந்தாள். கதவைத் தள்ளினாள்.

"எங்கய்யா அது?"

குட்டி கட்டிலடியிலிருந்து வந்தது. அவளைப் பார்த்தது. வால் உள்ளே போனது, பின்னங்கால் மடங்க ஆரம்பித்தது.

அண்ணன் எழுந்து போகவில்லை, குட்டியைத் தூக்கவும் இல்லை. தொண்டையில் கையை வைத்துக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் உட்காருங்க. அதைப் பார்க்காதீங்க. என்னைப் பாருங்க" என்றார்.

பதினாலு வருஷத்தில் அந்த ஆள் வாயிலிருந்து அப்படி ஒரு குரலை அவள் கேட்டதில்லை. குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள். ஏதோ சாவுச் செய்தி கேட்டவள் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "என்னய்யா ஆச்சு உனக்கு?" என்றாள், அவளும் மெதுவாக.

"ஒண்ணும் இல்லம்மா. ஜன்னலைப் பாருங்க."

மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தோம். எதிர்வீட்டுச் சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான் தெரிந்தது. அதையே பார்த்தோம். ரொம்ப நேரம் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு வீட்டுக்காரம்மா உடம்பை அசைக்காமல், "வந்துடுச்சு" என்றாள். குட்டி அவள் நைட்டியில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தது. அவள் குனியாமல் ஒரு விரலை மட்டும் கீழே நீட்டினாள். அது முகர்ந்தது. தரை காய்ந்தே இருந்தது.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள், கட்டில், பீரோ, சுவரில் அண்ணன் சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை படிந்த இடம். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

நானும் கிளம்பினேன். வெளியே வந்து அட்டைப்பெட்டியை எடுத்து நாலு படி இறங்கியிருப்பேன், அண்ணன் பின்னால் ஏதோ சொல்கிற மாதிரி இருந்தது. திரும்பினேன். கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தார். குட்டி மடியில் ஏறிக்கொண்டிருந்ததால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். என்னிடம்தான் பேசுகிறார். தாடை அசைவது மட்டும் தெரிந்தது. உதடு தெரிந்தாலாவது ஷெட்டில் பார்க்கிற மாதிரி பார்த்துப் புரிந்துகொள்வேன். என் காதுக்கு அந்தக் குரல் எட்டவில்லை.

என்னண்ணே என்று கேட்க வாயைத் திறந்தேன். எனக்கும் மெதுவாகக் கேட்கத் தெரியாது. ஒரு சத்தம் போட்டால் போதும், அவர் மடி நனைந்துவிடும்.

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு தடவை தோள் குலுங்கியது, சிரித்தாரோ என்னவோ. குட்டிக்கு மட்டும் எல்லாம் கேட்டது. காதைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தது.

அவர் முடிக்கிற வரைக்கும் நின்றுவிட்டு இறங்கினேன்.