பெண்டியாம்

அம்மாவின் தம்பியான என் மாமா பேச மாட்டார். ஊமையில்லை; தேவையென்றால் பேசுவார், ஆனால் அவருக்குத் தேவை வருவதே அபூர்வம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்களோடுதான் இருந்தார். முப்பது வயதாகியும், கல்யாணப் பேச்சை எடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். மறுப்புச் சொல்லாததால் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு, அம்மா கிள்ளானில் ஒரு பெண்ணைப் பார்த்தாள்.

நிச்சயம் செய்யப் போன அன்று எனக்கு எட்டு வயது. பெண்ணுக்கு அப்பா இல்லை. கல்யாணத்தை முடித்து வைக்கவென்று ஊரிலிருந்து கப்பலேறி வந்து இரண்டு மாதமே ஆன பெரியப்பாதான் எல்லாம். வடை, காப்பி வந்த பிறகு அவர் தொண்டையைக் கனைத்தார்.

"மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருக்காமே?"

அம்மா காப்பியைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா?"

"உங்க பக்கத்து வீட்டு மலாய்க்காரர்தான். போன வாரம் விசாரிக்க வந்தேன். மாப்பிள்ளை எப்படின்னு கையைக் காட்டிக் கேட்டேன். 'பெண்டியாம், பெண்டியாம்'னு ரெண்டு தடவ சொன்னாரு."

அம்மா மாமாவிடம் திரும்பினாள். "இல்லேன்னு சொல்லேன்டா."

மாமா இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார். அவ்வளவு தெளிந்த முகத்தோடு அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பெரியப்பா வெற்றிலைத் தட்டைத் தம் பக்கம் இழுத்தார். அம்மா அழத் தொடங்கினாள்.

அந்த மலாய்க்காரர் மகளோடு தினமும் விளையாடுகிறவள் நான். "பெண்டியாம்னா பெண்டாட்டி இல்ல தாத்தா," என்றேன். "எப்பவும் பேசாம இருக்கிறவங்கள மலாய்ல அப்படித்தான் சொல்வாங்க."

உள்ளறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த பெண் அல்லவா. "ஆமா பெரியப்பா, அதான் அர்த்தம். எங்கிட்டயே கேட்டிருக்கலாமில்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். தட்டு மாற்றினார்கள். மாமா பாதி வடையை இலையில் திரும்ப வைத்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டேன். "மாமா, உங்களுக்குத்தான் மலாய் நல்லாத் தெரியுமே. நீங்களே சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சுபாவம் அப்படி என்று விட்டுவிட்டேன். மாமாவைப் பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றிய பெருமையை வெகு நாள் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன், அவருடைய கல்யாணப் பந்தலில்கூட, அவர் காதில் விழும்படி.