நடுவில் போர்த்திய பொன்னாடை

அக்கா கிளாரினெட் பழகிய காலத்தில் வத்தேகமையில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவது குறைந்துபோனது. மற்றதையெல்லாம் ஒழுங்காகத்தான் வாசிப்பாள். ஒரே ஒரு நீளமான சுரம் மட்டும் பாதி வழியில் நடுங்கி உடைந்துவிடும். கண்டியில் நடக்கவிருந்த கச்சேரியில் இரண்டாம் பகுதியே அந்தச் சுரத்தில்தான் தொடங்கும், அதுவும் அவள் தனியாக. பியானோவில் அவளுடைய மிஸ், மற்றபடி வயலின், செல்லோ, புல்லாங்குழல். அவர்கள் எல்லோரும் பெரியவர்கள், அக்கா மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை.

சுரத்தைவிட அப்பாவை நினைத்துத்தான் அவள் அதிகம் பயந்தாள். அப்பாவுக்குப் புடவைக் கடை. கோயில் பரிபாலன சபைக்கும் அவர்தான் தலைவர். திருவிழாவில் யார் வாசித்தாலும் மனம் நிறைந்து, கை சிவக்கத் தட்டுவார்.

"ஒரே உருப்படிதான்ப்பா, நாலு பகுதியா வாசிப்போம். நடுவுல நிப்பாட்டுறப்ப யாரும் கைதட்டக் கூடாது. தட்டினா என் மானமே போயிரும்" என்று கெஞ்சினாள்.

"சின்னச் சத்தம்கூட வராதும்மா" என்று அப்பா வாக்குக் கொடுத்தார்.

கச்சேரி நடந்தது கண்டி வாவிக்குப் பக்கத்தில் ஒரு பழைய மண்டபத்தில். மழை பெய்து ஓய்ந்த புழுக்கத்தில் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தலைக்கு மேல் விசிறிகள் சும்மா பேருக்குச் சுற்றின. முதல் பகுதி முடிந்தது. சபை மூச்சுக்கூட விடவில்லை. அப்பாவும் கைதட்டவில்லை. எழுந்து, காலடியில் இருந்த பையிலிருந்து சிவப்புப் பொன்னாடையை எடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினார்.

எங்கள் கோயிலில் கலைஞர்களைக் கச்சேரியின் நடுவில்தான் கௌரவிப்பார்கள். கடைசிவரை வைத்திருந்தால் சனம் பிரசாதம் வாங்கப் போய்விடும். அந்த வழக்கப்படியே அப்பா அக்காவின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். மற்றவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். சொன்னபடி சின்னச் சத்தம்கூட வராமல் இறங்கி வந்து உட்கார்ந்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கதிரைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அப்பா மேல் அப்படி ஒரு கோபம்.

பியானோ மிஸ் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அக்காவுக்காகக் காத்திருந்தார். அக்கா பொன்னாடையைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் வாசிப்பாள் என்று நினைத்தேன். அவளோ விரல்களில் சிக்காதபடி அதை இழுத்துச் சரிசெய்துகொண்டு, அப்பா இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, கிளாரினெட்டை வாயில் வைத்தாள்.

அந்தச் சுரம் வந்தது. நீண்டுகொண்டே போனது. எங்கே உடையப்போகிறதோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். உடையவில்லை. கண்ணைத் திறந்தபோது பியானோவும் சேர்ந்துகொண்டிருந்தது. அப்பா தன் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸிலும் அக்கா பொன்னாடையோடுதான் என் பக்கத்தில் இருந்தாள்.

"ஏங்க்கா இதக் கழட்டல?" என்றேன்.

"குளிருதுடா."

அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். வியர்வையில் நனைந்திருந்தது. இந்தப் புழுக்கத்தில் குளிர்கிறதென்றால் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்று பயந்துபோய், முன் இருக்கையில் இருந்த அம்மாவின் தோளைத் தட்டிச் சொன்னேன். அம்மா திரும்பி அக்காவைப் பார்த்தார். நெற்றியில் கைவைத்துக்கூடப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.