மூன்றாம் வரிசையில் ஆடியவர்

2009இல் நாங்கள் சட்டன் என்ற ஆங்கிலேய ஊரில் ஒரு கடைக்கு மேலிருந்த வீட்டில் குடியிருந்தோம். ஜேர்மனியிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. போர் நடந்த வன்னியில் இருந்த என் அக்காவைப் பற்றிச் சித்திரைக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் யாரும் பாட்டுக் கேட்கவில்லை.

அதே மாடியில் எதிர்வீட்டில் ஹொங்கொங்கைச் சேர்ந்த பெண் ஒருவர் தனியாக இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பஸ் ஓட்டினார். படிக்கட்டில் கண்டால் சிரிப்போம். அதற்கு மேல் பேச எனக்கு ஆங்கிலம் போதாது. ஒரு ஞாயிறு பின்னேரம் கதவைத் தட்டி, படம் பார்க்க வரும்படி சைகையால் அழைத்தார்.

"போயிட்டு வாரும். எந்த நேரமும் போனையே பாத்துக்கொண்டு இருக்க ஏலாது," என்றார் என் கணவர்.

அது பழைய கன்டோனீஸ் மொழிப் படம். பள்ளிப் பிள்ளைகள் பாடி ஆடுகிற கதை. நாயகிக்குப் பதினாறு வயதிருக்கும். மொட்டைமாடியில், காயப்போட்ட சட்டைகளுக்கு நடுவே நின்று அவள் பாடத் தொடங்கியதும் அந்த அறையே மெல்ல மிதந்தது. ஜன்னலில் மழை. ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

திடீரென்று அவர் படத்தை நிறுத்தினார். நாயகிக்குப் பின்னால், மூன்றாம் வரிசையில் ஆடிய பெண்ணின் மேல் விரலை வைத்தார். "நான்."

"நீங்களோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

அவரும் அந்த நாயகியும் ஒரே வகுப்பாம். படத்துக்கு ஆள் எடுத்த தேர்வுக்கும் சேர்ந்துதான் போனார்களாம். படம் வந்ததும் தோழியின் முகம் நகரமெங்கும் சுவரொட்டிகளில். இவர் திரும்பவும் பள்ளிக்கூடத்தில்.

"கவலையா இருக்கேல்லையோ?" தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஒரு வருசம் இருந்தது," என்று அவரும் தன் ஆங்கிலத்தில் சொன்னார். "ஆனா அவள் எவ்வளவு நல்லாப் பாடினாள், பார்த்தீங்கதானே."

பாட்டை முதலிலிருந்து போட்டுவிட்டு எழுந்தார். காலுறையோடு கம்பளத்தில், ஒரு அடி பிசகாமல் ஆடினார். என்னையும் கைபிடித்து இழுத்தார். நானும் ஆடினேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. பாட்டு முடியும்வரை என் கையைப் பிடித்தபடி மெதுவாக அசைந்துகொண்டிருந்தார்.

கார்த்திகையில், ஒரு நாள் காலை, அக்கா முகாமிலிருந்து போனில் கதைத்தாள். வெறுங்காலோடு ஓடிப்போய் எதிர்க்கதவைத் தட்டினேன். அவர் வேலைச் சீருடையில் புறப்பட்டு நின்றார்.

"அக்கா இருக்கிறா! உயிரோட இருக்கிறா!"

எந்த மொழியில் சொன்னேனோ தெரியாது. பையைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். அன்று அவர் வேலைக்குப் பிந்தித்தான் போனார்.