அண்ணைக்குக் கூட்டிய மூன்று

என் சமையலறைச் சுவரில் இரண்டு இரத்தப் பரிசோதனைத் தாள்கள் ஒட்டியிருக்கின்றன. ஒன்று என்னுடையது. எண்ணெய்க் கறை படிந்த மற்றது அண்ணையுடையது. மற்ற வீடுகளில் சாமிப் படம் இருக்கும் இடம் அது.

அண்ணை மாலி நாட்டவர். பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடையில் எனக்கு முன்பே கொத்து ரொட்டி போட்டவர். ஒரே வயதுதான், வேலையில் மூத்தவர் என்பதால் அண்ணை. தமிழை அங்கேயே பிடித்துக்கொண்டார். ஆமாம் என்பதற்கு அவர் 'ஓம்' என்று இழுப்பதில், பிரெஞ்சில் பதில் சொல்லும் என் பிள்ளைகளிடம் இல்லாத யாழ்ப்பாணம் இருந்தது. இருவருக்கும் ஒரே வருடத்தில் சிறுநீரகம் பழுதானது. அதிலும் நான் அவரைப் பார்த்து எழுதியதுபோல.

ஒரு பிற்பகல், கடை ஓய்ந்த நேரத்தில், தாள்களை ரொட்டிக் கல்லின் ஓரத்தில் விரித்தோம். இரத்தத்தில் இருந்த கழிவின் அளவு இருவருக்கும் ஒன்றே. ஆனால் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்ற கணக்கில் எனக்குப் பத்தொன்பது, அவருக்கு இருபத்திரண்டு. இருபதுக்குக் கீழே வந்தால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயர் ஏறும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடக் கணக்கில் எப்போதும் தோற்ற நான், குறைந்த புள்ளி எடுத்து வென்றது அன்றுதான். அவர் தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: கறுப்பினத்தவருக்கான திருத்தம் சேர்க்கப்பட்டுள்ளது. கறுப்பர்களுக்குத் தசை அதிகம், அதனால் கழிவும் அதிகம் என்று யாரோ எப்போதோ நினைத்து, கணக்கைக் கூட்டிக் காட்ட வைத்த பெருக்கல். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை, பார்த்தே போட்டிருக்கிறார்கள். என் நீளப் பெயரை எழுதி முடித்த களைப்பில் என் நிறத்தைப் பார்க்க, பரிசோதனைக்கூடத்துப் பெண்ணுக்குத் தெம்பு இருந்திராது.

அண்ணை தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னைவிட நீதான் கறுப்படா தம்பி. உனக்கேன் கூட்டேல்லை?"

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வேலைக்கு வந்த புதிதில் அவரைக் 'கறுவல்' என்று இளக்காரமாகச் சொன்னவர்களில் நானும் ஒருவன், இந்த நிறத்தை வைத்துக்கொண்டு.

அடுத்த கிழமை இருவரும் வைத்தியரிடம் போனோம். என் பிரெஞ்சு நொண்டும். அதனால் சட்டைக் கையை மடித்து அண்ணையின் கைக்குப் பக்கத்தில் நீட்டி, "இதற்கும் மூன்று கூட்டுங்கள், இல்லையென்றால் அதில் கழியுங்கள்" என்றேன். கழிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை என்பதைச் சொல்ல மொழி தேவைப்படவில்லை. வைத்தியர் இரண்டு தாள்களையும் தன் பக்கம் இழுத்தார். அந்தப் பெருக்கலைப் பலர் கைவிட்டுவிட்டார்கள் என்று ஒப்புக்கொண்டு, இருபத்திரண்டைப் பேனாவால் வெட்டிப் பத்தொன்பது என்று எழுதினார். பட்டியலுக்கான வேலை அன்றே தொடங்கியது.

அண்ணைக்குத்தான் முதலில் சிறுநீரகம் கிடைத்தது. நான் இன்னும் கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடக்கிறேன். பார்க்க வருகிறபோதெல்லாம் இந்தச் சுவரில் அந்த வெட்டுக் கோட்டை விரலால் தடவிவிட்டு அண்ணை சொல்வது ஒன்றுதான்:

"நாற்காலியை விட்டு எழும்பாதை."