எதிர் இலை

அப்போது என் மகனுக்கு ஐந்து மாதம். கணவர் பட்டாளத்தில் இருந்தார். நான் ஆரணியில் மாமியார் வீட்டில் இருந்தேன். ஒருநாள் காலை குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுத் திரும்பும்போது, ஓர் ஓட்டலிலிருந்து நெய் வாசனை வந்தது. பால் கொடுக்கிறவளின் பசி. தப்போ சரியோ, உள்ளே போய்விட்டேன்.

பெண்களுக்கென்று திரை போட்ட பேமிலி ரூம் இருந்தது. பரிமாறுகிறவர், "நீங்க மட்டும்தானாம்மா?" என்றார். தனியாக வந்து சாப்பிட்டாள் என்று ஊர் பேசுமே என்ற பயத்தில், "அவர் வந்துகினு இருக்கார்ங்க" என்று சொல்லிவிட்டேன். எதிரிலும் ஓர் இலை போட்டார்.

பொங்கல், வடை, கேசரி, நெய் ரோஸ்ட். தூங்கும் குழந்தையை மடியில் கிடத்தி, ஒற்றைக் கையால் சாப்பிட்டேன். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் நான் உட்காருவேன். சூடாகச் சாப்பிட்டு மாதக்கணக்காகியிருந்தது.

கல்லாவிலிருந்து முதலாளி, "இன்னாப்பா, அந்தம்மா தனியாவா வந்துகிறாங்க?" என்று கேட்டார்.

"இல்லீங்க, ரெண்டு பேரு. சாரு கை கழுவப் போயிருக்கார்" என்றார் பரிமாறுகிறவர். எதிர் இலையில் ஒரு கரண்டி கேசரி வைத்துவிட்டு, "ஜல்தி இல்லம்மா, மெதுவா சாப்பிடுங்க" என்று திரையை இழுத்துவிட்டுப் போனார்.

அதையும் நானே சாப்பிட்டேன்.

அந்த வாரக் கடிதத்தில் தடுப்பூசி போட்டதைக் கணவருக்கு எழுதினேன். ஓட்டலுக்குப் போனதை எழுதவில்லை. கூட யார் வந்தது என்று கேட்பார். நீங்கள்தான், கை கழுவப் போயிருந்தீர்கள் என்று எப்படி எழுதுவது?